வீட்டுச் சாப்பாட்டை ஒரு மாதம் எடைபோட்டோம், இரண்டு கணிப்பான் இரண்டு விடை சொல்கிறது

ஈசூன்_மீனா · சனி, இரவு 9.40

வணக்கம் எல்லாருக்கும். மகள் உயர்நிலை மூன்றில் படிக்கிறாள். நம் வீட்டுச் சாப்பாடு சுற்றுச்சூழலுக்கு எவ்வளவு பாரம் என்று பள்ளியில் ஒரு செயல்திட்டம் கொடுத்தார்கள். எங்கேயோ படித்ததை எழுதிக் கொடுப்பதைவிட நிஜமாகவே அளந்து பார்க்கலாமே என்று நான்தான் சொன்னேன். நான்கு வாரம், வீட்டுக்குள் வந்த ஒவ்வொரு பையையும் சமையலறைத் தராசில் வைத்து நோட்டில் குறித்தோம். நாங்கள் நாலு பேர். அரிசி 16 கிலோ, பால் 20 லிட்டர், கோழி 6 கிலோ, இங்கே சிங்கப்பூர் தேக்கா சந்தையில் வாங்கிய ஆட்டிறைச்சி 3 கிலோ, மீன் 5 கிலோ, இறால் 1 கிலோ, முட்டை 60, பருப்பு 3 கிலோ, காய்கறியும் கீரையும் சேர்த்து 24 கிலோ, அப்புறம் தயிர், எண்ணெய், சில்லறை.

இதையெல்லாம் இணையத்தில் கிடைத்த இரண்டு கணிப்பான்களில் போட்டோம். ஒன்று 474 கிலோ கரிம வெளியேற்றம் என்கிறது, இன்னொன்று 301 கிலோ என்கிறது. அதே நோட்டு, அதே எண்கள். மீதி 173 கிலோ எங்கே போனது? மகள் "இதெல்லாம் சும்மா சொல்வதுதானா அம்மா" என்று கேட்கிறாள். ஆமாம் என்று சொல்லவும் மனசு வரவில்லை, இல்லை என்று விளக்கவும் தெரியவில்லை. விஷயம் தெரிந்தவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள்.

அளவுகோல் · சனி, இரவு 10.15

மீனா அக்கா, ஒரு பொருள் உருவாவதிலிருந்து குப்பைக்குப் போகும்வரை கணக்கெடுப்பதுதான் என் வேலை, எட்டு வருடமாகச் செய்கிறேன். மொத்தத்தை வைத்துக்கொண்டு எதுவும் சொல்ல முடியாது. பொருள்வாரியாக இரண்டும் என்ன சொல்கின்றன என்று போடுங்கள்.

ஈசூன்_மீனா · சனி, இரவு 10.52

ஐந்து பொருளில்தான் வித்தியாசமே தம்பி. ஆட்டிறைச்சி ஒன்றில் 119, மற்றதில் 72. அரிசி 71, 26. மீன் 68, 25. கோழி 59, 36. இறால் 27, 12. பாலும் முட்டையும் பருப்பும் இரண்டிலும் ஏறக்குறைய ஒன்றுதான்.

அளவுகோல் · ஞாயிறு, காலை 7.30

நல்லது, இப்போது பேசலாம். இரண்டாவது கணிப்பானில் அரிசிக்குப் பக்கத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள். தட்டில் வைக்கும் சோற்றின் எடையைக் கேட்டிருக்கும், நீங்கள் மூட்டை அரிசியின் எடையைக் கொடுத்திருப்பீர்கள். ஒரு கிலோ அரிசி வெந்தால் சுமார் 2.7 கிலோ சோறு. அந்தக் கணக்கில் 16 கிலோ அரிசிக்கு 43 கிலோ சோறு என்று போட்டிருந்தால் அதுவும் 70ஐத் தொட்டிருக்கும். 173இல் 45 கிலோ இப்படியே தீர்ந்துபோகிறது. இந்தப் பிழை பெரிய பெரிய ஆய்வுகளிலும் புகுந்துவிடும். என்ன சாப்பிட்டீர்கள் என்று கேட்டால் மக்கள் வெந்த எடையைச் சொல்வார்கள், வெளியேற்றப் பட்டியல் வேகாத எடைக்கு இருக்கும்.

இறைச்சியில் இருப்பது பிழை இல்லை, அங்கே கேள்வியே வேறு. இந்தத் துறையில் எல்லாரும் திரும்பத் திரும்ப எடுத்துக்கொள்வது ஜோசப் பூர், தாமஸ் நெமெசெக் இருவரும் 2018இல் சயின்ஸ் இதழில் வெளியிட்ட ஆய்வு. 119 நாடுகள், சுமார் 38,700 பண்ணைகள், 40 வகை உணவு. அதில் மாட்டிறைச்சிக்கு மட்டும் பாருங்கள், சராசரி எடுத்தால் கிலோவுக்கு 99 கிலோ வருகிறது, எல்லாப் பண்ணைகளையும் வரிசையாக நிற்கவைத்து நடுவில் இருப்பதை எடுத்தால் 60. காட்டை அழித்து மேய்ச்சல் நிலமாக்கிய பண்ணைகள் ஒரு பக்கம் இழுத்துவிடுகின்றன. உலகம் முழுவதற்கும் சேர்த்து எவ்வளவு பாரம் என்று கேட்டால் சராசரிதான் சரி. ஒரு சாதாரணப் பண்ணையின் இறைச்சி எப்படி என்று கேட்டால் நடுமதிப்பு. இரண்டும் ஒரே ஆய்வு, இரண்டும் உண்மை. எதை எடுத்தோம் என்று சொல்லாமல் எண்ணை மட்டும் நீட்டுகிற கணிப்பான்மேல்தான் எனக்குக் கோபம்.

இன்னொன்று. அந்த ஆய்வின் இறைச்சிக் கணக்கு எலும்பும் கொழுப்பும் நீக்கிய எடைக்கு. தேக்காவில் எலும்போடு வெட்டித்தானே கொடுப்பார்கள்?

ஈசூன்_மீனா · ஞாயிறு, மதியம் 2.05

எலும்போடுதான். சோறு விஷயம் நீங்கள் சொன்ன மாதிரியேதான், "சமைத்தது" என்று பொடி எழுத்தில் இருக்கிறது. கண்ணாடி போட்டுக்கொண்டு பார்த்தும் அன்றைக்குக் கவனிக்கவில்லை.

இன்றைக்கு மட்டன் குழம்பு. சாப்பிட்டு முடித்ததும் நாலு தட்டிலிருந்தும் எலும்பைத் திரட்டிக் கழுவி, ஈரம் துடைத்துத் தராசில் வைத்தாள் மகள். ஒரு கிலோ வாங்கியதில் 300 கிராம் எலும்பு. அப்படியானால் 3 கிலோவில் 900 கிராம் எலும்புக்கும் சேர்த்துக் கணக்குப் போட்டிருக்கிறோம். 119 என்பது 83 ஆகிறது.

சமையல்கட்டு_ராணி · ஞாயிறு, மாலை 4.20

மீனா, நான் விருந்துச் சமையல் செய்துகொடுக்கிறவள். எனக்கு அடிப்படையிலேயே ஒரு சந்தேகம். எல்லாவற்றையும் கிலோவுக்குக் கிலோ ஒப்பிடுவது என்ன நியாயம்? ஒரு கிலோ பாலில் முக்கால்வாசிக்கு மேல் தண்ணீர். ஒரு கிலோ கோழி எட்டுப் பேருக்குப் பரிமாறலாம், ஒரு கிலோ பாலை வைத்து எட்டுப் பேரைப் பசியாற்ற முடியுமா? ஒரு கிலோ உளுந்து அரைத்தால் எத்தனை இட்லி வரும் என்று எனக்குத் தெரியும், அது வேறு கணக்கு.

அளவுகோல் · ஞாயிறு, மாலை 5.10

ராணி அக்கா, எங்கள் துறையில் பாதிச் சண்டை இதற்குத்தான். எதற்கு எவ்வளவு என்பதை முதலில் சொல்லியாக வேண்டும். அதே 2018 ஆய்வின் சராசரிகளைப் பாருங்கள். கிலோவுக்கு என்றால் பால் 3.2, கோழி 9.9, அதாவது கோழி மூன்று மடங்கு. அதையே 100 கிராம் புரதத்துக்கு என்று மாற்றினால் கோழி 5.7, பால் 9.5. வரிசையே தலைகீழாகிவிடுகிறது. ஆனால் பாலைப் புரதத்துக்காக மட்டுமா குடிக்கிறோம்? சுண்ணாம்புச் சத்து இருக்கிறது, கொழுப்பு இருக்கிறது. அதனால் இப்போது பல சத்துகளைச் சேர்த்துப் பார்க்கும் கணக்குகளும் வந்துவிட்டன, அங்கே எந்தச் சத்துக்கு எவ்வளவு மதிப்பு என்று இன்னொரு சண்டை.

எந்த அளவுகோலை எடுத்தாலும் அசையாதவை சில உண்டு. பருப்பு கிலோவுக்கு 1.8, 100 கிராம் புரதத்துக்கு ஒன்றுக்கும் கீழே. மாட்டிறைச்சி இரண்டிலும் உச்சியில். பருப்புச் செடியின் வேர் முடிச்சே காற்றிலிருந்து நைட்ரஜனைப் பிடித்துக்கொள்வதால் உரம் குறைவு. மீனாவின் மகளுக்கு நான் சொல்வது இதுதான்: எண் ஆடும், ஆனால் எல்லா எண்ணும் ஒரே அளவு ஆடாது. எது ஆடுகிறது, எது நிற்கிறது என்று எழுதினால் அதுவே நல்ல அறிக்கை.

பாசிர்பாஞ்சாங்_அண்ணன் · ஞாயிறு, இரவு 11.50

வேலைக்குப் போகும் முன்னால் எழுதுகிறேன். 27 வருடமாகக் காய்கறி மொத்த வியாபாரத்தில் இருக்கிறேன். தங்கச்சி, அந்த 24 கிலோ காய்கறியை ஒரே வரியில் போட்டிருக்கிறாயே, அது தப்பு. மலேசியாவின் கேமரன் மலையிலிருந்து முட்டைக்கோஸ், தக்காளி, கைலான் எல்லாம் லாரியில் பாலம் தாண்டி ராத்திரியோடு ராத்திரியாக இறங்கும். பெரிய வெங்காயம் கப்பலில் வரும். ஆனால் நம் ஆட்கள் தேடித் தேடி வாங்குகிற முருங்கைக்காய், வாழைப்பூ, கறிவேப்பிலை, வெற்றிலை இதெல்லாம் திருச்சியிலிருந்தும் சென்னையிலிருந்தும் விமானத்தில் வருகிற சரக்கு. அட்டைப்பெட்டியைத் திறந்தால் முந்தின நாள் பறித்த வாசனை அப்படியே இருக்கும், பெட்டிமேல் விமானச் சீட்டு ஒட்டியிருக்கும். கணிப்பானில் முருங்கைக்காய் என்று ஒன்று இருந்ததா?

ஈசூன்_மீனா · திங்கள், காலை 6.45

இல்லை அண்ணே, "இதர காய்கறி" என்று போட்டோம். கிலோவுக்கு அரைக் கிலோதான் காட்டியது. முருங்கைக்காய் மட்டும் 2 கிலோ இருக்கும்.

அளவுகோல் · திங்கள், காலை 8.20

அண்ணன் சொன்னது பெரிய விஷயம். சாதாரணமாக நான் எல்லாரிடமும் சொல்வது, தூரத்தைப் பற்றி ரொம்பக் கவலைப்படாதீர்கள், உலக உணவு வெளியேற்றத்தில் போக்குவரத்து 6 விழுக்காடுதான், என்ன சாப்பிடுகிறோம் என்பதுதான் முக்கியம் என்று. அது கப்பலுக்கும் லாரிக்கும் பொருந்தும், விமானத்துக்குப் பொருந்தாது. ஒரு டன் சரக்கை ஒரு கிலோமீட்டர் கொண்டுபோக விமானத்துக்குச் சுமார் 1.13 கிலோ, குளிர்ப்பெட்டிக் கப்பலுக்கு 0.02 கிலோ, லாரிக்கு 0.2. திருச்சியிலிருந்து இங்கே சுமார் 3,000 கிலோமீட்டர். பெருக்கினால் ஒரு கிலோ முருங்கைக்காய்க்கு 3.4 கிலோ, வெறும் பறந்து வந்ததற்கு மட்டும். ஒரு லிட்டர் பாலைவிட அதிகம். கேமரன் மலை லாரியை 600 கிலோமீட்டர் என்று வைத்தால் 0.12.

அக்கா வீட்டு 2 கிலோ முருங்கைக்காய் பறந்து வந்ததற்கு மட்டுமே கிட்டத்தட்ட 7 கிலோவாகிறது. மற்ற 22 கிலோ காய்கறி முழுவதும் சேர்த்தே 11தான். அதற்காக முருங்கைக்காயைக் குற்றவாளி ஆக்கிவிட வேண்டாம், பக்கத்து வரியில் ஆட்டிறைச்சி 83 இருக்கிறது.

தோபாயோ_தம்பி · திங்கள், காலை 9.05

ஒரு கேள்வி. அந்த விமானம் பயணிகளுக்காகப் பறக்கிறது. அடிவயிற்றில் நாலு பெட்டி முருங்கைக்காய் ஏற்றாவிட்டாலும் பறக்கத்தான் போகிறது. அப்புறம் எப்படி அந்த எரிபொருளை முருங்கைக்காய் தலையில் கட்டுகிறீர்கள்?

இன்னொன்றும் நேராகச் சொல்லிவிடுகிறேன். சாதாரணக் குடும்பம் தட்டை எடைபோட்டுக் குற்ற உணர்ச்சியில் தவிக்க, எண்ணெய் நிறுவனங்கள் நிம்மதியாக இருக்கின்றன. ஆடு விடுகிற மீத்தேன் பன்னிரண்டு வருடத்தில் சிதைந்துவிடும். எரிபொருளிலிருந்து வரும் கரியமில வாயு நூற்றாண்டுக் கணக்கில் நிற்கும். இரண்டையும் ஒரே தராசில் போடுவது சரியில்லை.

அளவுகோல் · திங்கள், மதியம் 12.40

தம்பி கேட்டது இரண்டுமே நல்ல கேள்வி. விமானத்தின் எரிபொருளைப் பயணிகளுக்கும் சரக்குக்கும் எடைப்படி பங்கிடுவது வழக்கம், ஒரு பயணிக்குச் சாமானோடு 100 கிலோ என்று வைத்துக்கொள்வார்கள். இது இருப்பதைப் பங்கு போடும் கணக்கு. நாளைக்கு மீனா அக்கா முருங்கைக்காய் வாங்காவிட்டால் என்ன மாறும் என்பது வேறு கணக்கு, அதில் விடை வேறு மாதிரி வரலாம். ஒருவர் வாங்காவிட்டால் ஒன்றும் மாறாது, ஊரே வாங்காவிட்டால் சரக்கு வருமானத்தை நம்பி ஓடும் சேவை குறையலாம். பங்கிடுவது எங்கேயும் இருக்கிற சிக்கல்தான். கறவை மாட்டு மந்தையிலிருந்து வரும் மாட்டிறைச்சிக்கு 33 கிலோ, இறைச்சிக்காகவே வளர்த்தால் 99. காரணம், கறவை மாட்டின் பாரத்தில் பெரும்பங்கைப் பால் சுமந்துகொள்கிறது.

மீத்தேன் விஷயத்தில் நீங்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது. 100 வருடக் கணக்கில் ஒரு கிலோ மீத்தேன் 27 கிலோ கரியமில வாயுவுக்குச் சமம், 20 வருடக் கணக்கில் சுமார் 80. எந்த வருடத்தை எடுக்கிறோமோ அதற்குத் தகுந்தபடி ஆடும் நெல்லும் ஏறும் இறங்கும். மந்தை கூடாமல் குறையாமல் இருந்தால் புதிதாக வெப்பம் கூடுவது குறைவு என்று காட்டும் புதுக் கணக்கும் உண்டு. ஆனால் அதில் ஏற்கனவே பெரிய மந்தை வைத்திருக்கிற பணக்கார நாடு தப்பித்துக்கொள்ளும், இப்போதுதான் நாலு ஆடு வாங்குகிற ஏழை நாடு மாட்டிக்கொள்ளும். அது எனக்கு நியாயமாகப் படவில்லை. சீக்கிரம் சிதைகிறது என்றால் அதைக் குறைத்தால் பலனும் சீக்கிரம் தெரியும், அதையும் யோசியுங்கள்.

குற்ற உணர்ச்சி பற்றி, யாரும் யாரையும் குற்றம் சொல்ல இந்த இழையில் வரவில்லை. ஒரு பிள்ளை உண்மையாக அளந்திருக்கிறாள், அவளுக்கு உண்மையான பதில் கிடைக்க வேண்டும்.

டெல்டாக்காரன் · திங்கள், இரவு 8.30

அண்ணே, அரிசியைப் பற்றி நான் சொல்லலாமா. நான் துவாஸில் வேலை செய்கிறேன், அப்பா மன்னார்குடிப் பக்கம் இன்னும் விவசாயம். வயலில் தண்ணீர் தேங்கி நின்றால் மண்ணுக்குக் காற்று போகாது, அந்தச் சேற்றில் இருக்கிற நுண்ணுயிர்தான் மீத்தேன் விடுகிறது. இதைக் குறைக்க வயலைக் காயவிட்டுக் காயவிட்டுப் பாய்ச்சச் சொல்கிறார்கள், மீத்தேன் 30 முதல் 50 விழுக்காடு குறையும் என்று. இதைத்தான் எங்கள் தாத்தா காலத்திலிருந்தே காய்ச்சலும் பாய்ச்சலும் என்று சொல்வது.

ஆனால் கணிப்பானில் அரிசி என்று ஒரே ஒரு எண்தானே இருக்கிறது? காய்ச்சலும் பாய்ச்சலுமாகப் பயிர் செய்தவனும் ஒன்று, கழுத்தளவு தண்ணீர் கட்டினவனும் ஒன்று. அப்புறம், எல்லாராலும் அப்படிச் செய்யவும் முடியாது. மேட்டூரில் ஜூன் 12 தண்ணீர் திறந்தால் குறுவைக்கு ஆகும், வாய்க்கால் கடைசியில் இருக்கிறவனுக்கு முறை வைத்துத்தான் தண்ணீர் வரும். வருகிறபோது பிடித்துத் தேக்காவிட்டால் அடுத்த முறை எப்போது என்று அவனுக்குத் தெரியாது. அவனைப் போய் ஏன் காயவிடவில்லை என்று கேட்க முடியுமா? பம்புசெட் வைத்திருந்தால் காயவிடலாம், அப்போது மோட்டார் மின்சாரம் கணக்கில் ஏறும். வயல் நனைந்து காய்ந்து நனையும்போது யூரியாவிலிருந்து நைட்ரஸ் ஆக்சைடு வேறு கூடலாம் என்று வேளாண்மை அதிகாரி ஒருவர் அப்பாவிடம் சொன்னாராம்.

அளவுகோல் · திங்கள், இரவு 9.15

அவர் சொன்னது சரி, நைட்ரஸ் ஆக்சைடு கிலோவுக்குக் கிலோ கரியமில வாயுவைப்போல 273 மடங்கு. கூட்டிக் கழித்தாலும் பெரும்பாலும் லாபம்தான், ஆனால் உர அளவைப் பார்க்காமல் சொல்லக்கூடாது. நீங்கள் எழுதியதை என் அலுவலக நண்பர்களுக்கும் காட்டப்போகிறேன்.

சமையல்கட்டு_ராணி · செவ்வாய், காலை 10.00

இங்கேயே பயிர் செய்கிறார்களே, அந்தக் கீரையை வாங்கினால் நல்லது இல்லையா? தூரமே இல்லையே.

அளவுகோல் · செவ்வாய், மதியம் 1.10

எப்படிப் பயிர் செய்கிறார்கள் என்பதைப் பொறுத்தது அக்கா. கிராஞ்சியில் வெயிலில் மண்ணில் வளர்ந்த கீரை என்றால் சந்தோஷமாக வாங்குங்கள். அடுக்கடுக்காக எல்இடி விளக்கு போட்டுக் குளிர்சாதனத்தில் வளர்த்ததென்றால் மின்சாரத்தைப் பார்க்க வேண்டும். நம் மின்சாரம் பெரும்பாலும் இயற்கை எரிவாயுவிலிருந்து வருகிறது, ஒரு யூனிட்டுக்குச் சுமார் 0.4 கிலோ. ஒரு கிலோ கீரைக்கு 10 யூனிட் என்று வைத்தால்கூட 4 கிலோ ஆகிவிடுகிறது, விமானத்தில் வந்த முருங்கைக்காயைத் தாண்டுகிறது.

ஆனால் அங்கே நிலமும் தண்ணீரும் மிச்சம், பூச்சிமருந்து இல்லை. அப்புறம் உணவுப் பாதுகாப்பு. 2022 ஜூனில் மலேசியா கோழி ஏற்றுமதியை நிறுத்தியபோது கோழிச்சோற்றுக் கடைகள் எப்படித் தவித்தன என்று பார்த்தோம், நம் கோழியில் மூன்றில் ஒரு பங்கு அங்கிருந்துதான் வந்துகொண்டிருந்தது. 90 விழுக்காட்டுக்கு மேல் உணவை வெளியிலிருந்து வாங்குகிற ஊர் இது. 2030க்குள் நம் தேவையில் 30 விழுக்காட்டை இங்கேயே உற்பத்தி செய்வது என்று 2019இல் வைத்த இலக்கை 2025 நவம்பரில் மாற்றி, 2035க்குள் காய்கறி, காளான், முளைப்பயறு போன்றவற்றில் 20, முட்டை, கடலுணவில் 30 விழுக்காடு என்று வைத்ததும் எது இங்கே கட்டுப்படியாகும் என்று பார்த்துத்தான். கரிமக் கணக்கில் இந்தத் தவிப்புக்குக் கட்டமே கிடையாது. தண்ணீர், நிலம், உயிரினங்கள் இவற்றுக்கும் தனித்தனிக் கணக்கு. எல்லாவற்றையும் ஒரே மதிப்பெண்ணாக்கித் தருகிறேன் என்று யாராவது சொன்னால், எதற்கு எத்தனை மதிப்பெண் என்று அவர் தீர்மானித்துவிட்டார் என்று அர்த்தம். அதைத் திறந்து காட்டச் சொல்லுங்கள்.

பாசிர்பாஞ்சாங்_அண்ணன் · செவ்வாய், மாலை 3.30

எண்ணெயையும் பாருங்கள். 2013 ஜூனில் புகைமூட்டத்தில் காற்று மாசுக் குறியீடு 401க்குப் போனபோது எதிர்ப்பக்கத்து லாரி தெரியாமல் நாங்கள் சரக்கு இறக்கினோம். அந்தப் புகையெல்லாம் செம்பனை எண்ணெய்க் கணக்கில் வருகிறதா?

அளவுகோல் · செவ்வாய், மாலை 4.00

காட்டையோ சதுப்பு நிலத்தையோ அழித்து 20 வருடத்துக்குள் நட்ட தோட்டம் என்றால், அழித்த பாரத்தை 20 வருடத்துக்குப் பங்கிட்டு எண்ணெயில் ஏற்றுவது முறை. 21ஆவது வருடம் அதே தோட்டம் கணக்கில் சுத்தமாகிவிடும். எனக்கும் இது உறுத்துகிறது அண்ணே. ஆனால் ஏக்கருக்கு இவ்வளவு எண்ணெய் தருகிற பயிர் வேறு இல்லை, சோயாவுக்கு மாறினால் பல மடங்கு நிலம் வேண்டும்.

சமையல்கட்டு_ராணி · செவ்வாய், இரவு 9.45

நான் ஒன்று சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இதைத் தினமும் கண்ணால் பார்க்கிறேன். போன வாரம் ஒரு திருமண விருந்து, 300 பேருக்குச் சொன்னார்கள், வந்தது 220. இரண்டு பெரிய அண்டா பிரியாணி மிச்சம். வந்தவர்களுக்கெல்லாம் கட்டிக் கொடுத்தும் ஒரு அண்டா குப்பைக்குப் போனது. கையால் அள்ளிப் போடும்போது அழுகை வந்தது. 2023இல் மட்டும் சிங்கப்பூரில் 755,000 டன் உணவுக் கழிவு, அதில் மறுபயனீடு 18 விழுக்காடுதான். மீதி எரிந்து சாம்பலாகி செமாக்காவ் தீவுக் குப்பை நிரப்பிடத்துக்குப் போகிறது. மீனா, உன் நோட்டில் உள்ளே வந்தது இருக்கிறது, வெளியே போனது இருக்கிறதா?

ஈசூன்_மீனா · புதன், இரவு 10.30

இல்லை அக்கா. அதை யோசிக்கவே இல்லை. வாங்கியதெல்லாம் சாப்பிட்டதாகத்தான் நினைத்துக்கொண்டோம். நேற்றிலிருந்து குப்பைக்குப் போகும் முன் ஒரு டப்பாவில் போட்டு எடைபோடுகிறோம். இரண்டு நாளில் 640 கிராம், அதில் பாதி காலைச் சோறு.

மகள் அட்டவணையைத் திருத்திவிட்டாள். மொத்தம் ஒன்று என்று போடாமல், ஒவ்வொரு பொருளுக்கும் குறைந்தது இவ்வளவு, கூடியது இவ்வளவு என்று இரண்டு எண். பக்கத்தில் ஒரு கட்டம், எதனால் இந்த வித்தியாசம் என்று. முருங்கைக்காய்க்குத் தனி வரி. அரிசி வரியில் "காய்ச்சலும் பாய்ச்சலும்" என்று எழுதி, அடியில் விளக்கம் கொடுத்திருக்கிறாள், டெல்டாக்காரத் தம்பிக்கு நன்றி சொல்லச் சொன்னாள். கிலோவுக்கு எவ்வளவு என்று பார்த்தால் இரண்டு கணிப்பானிலும் முதல் இடத்தில் ஆட்டிறைச்சி நிற்கிறது. வாரா வாரம் வாங்குவதை இரண்டு வாரத்துக்கு ஒருமுறை ஆக்கலாமா என்று அவளே அப்பாவிடம் கேட்டாள். அவர் இன்னும் பதில் சொல்லவில்லை.

டெல்டாக்காரன் · புதன், இரவு 11.05

தங்கச்சியிடம் சொல்லுங்கள் அக்கா, அப்பாவுக்குப் போன் போட்டுப் படித்துக் காட்டினேன். ஒரு சந்தேகம், அந்த 900 கிராம் எலும்பைக் கழித்துவிட்டீர்களே, அதில் சூப் வைத்திருந்தால்?

அளவுகோல் · வியாழன், காலை 7.15

சூப் வைத்தால் எலும்பும் உணவுதான். ஆய்வில் எலும்பு நீக்கிய இறைச்சிமேல் ஏற்றிவிட்டதால் பாரம் கூடாது, ஆனால் அதே பாரத்தில் இன்னொரு வேளைச் சாப்பாடு கிடைத்த கணக்கு. சாப்பாட்டு வேளைக்கு எவ்வளவு என்று பிரித்தால் அது இறங்கும்.

ஈசூன்_மீனா · வியாழன், காலை 7.40

சூப் வைத்தேன், மூன்று பேர் குடித்தோம். நோட்டில் எழுதச் சொல்கிறேன்.